கரடியாகிப்போன முனி மரம்

மணியம் என்ற லோரி ஓட்டுநரின் வேண்டுதலை நான் பொய்யாக்கினேன். உயிர் பிழைத்ததற்கு நன்றியாக ஒரு குறிப்பிட்ட மரத்தில் முனீஸ்வரர் சிலை செய்து வைப்பதாக அவர் வேண்டிக்கொண்டிருந்தார். வேறு மரத்தில், வேறு காரியத்துக்காகச் செய்து, வேறொருவர் வேண்டாமென்று தள்ளிய சிலையை நான் அவருக்குக் கொடுத்தேன். "இது உங்க மரந்தான்" என்றும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி சேகர் கேட்டார். செயின்சா சிற்பங்களுக்கு ஆர்டர் எடுப்பது எப்படி, கொடுத்த பிறகு அவற்றைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று எழுதச் சொன்னார். எந்த எண்ணெய் பூசுவது, வெடிப்பை எப்போது அடைப்பது, எப்போது சும்மா விடுவது என்பதையெல்லாம் அவர் கையைப் பார்த்தே நீங்கள் கற்றுக்கொள்வீர்கள். அதற்கு நான் தேவையில்லை. நான் எழுதக்கூடியது இது ஒன்றுதான்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்கு ரம்பம் பிடிக்கத் தெரியாது. பல்கலைக்கழகத்தில் வனவியல் படித்தேன். ஒரு மர ஏற்றுமதி நிறுவனத்தில் மேசை வேலை பார்த்தேன். பிறகு சேகரின் கைவேலையைப் பார்த்து மயங்கி, காப்பார் சாலையில் இந்தப் பட்டறையை அவரோடு சேர்ந்து தொடங்கினேன். அவர் வெட்டுவார், நான் வாடிக்கையாளரிடம் பேசுவேன். இந்தத் தொழிலில் பேச்சும் ஒரு வெட்டுத்தான். அதிகம் எடுத்துவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது.

மணியத்திடம் வருவதற்கு முன் ஓர் ஆந்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கிள்ளானில் கிளினிக் வைத்திருந்த ஒரு டாக்டர் வாசலில் வைக்க ஆந்தை கேட்டார். ஆந்தை என்றால் அறிவு என்று வெளிநாட்டில் படித்தபோது அவர் மனத்தில் பதிந்திருக்கிறது. சேகர் பிரமாதமாகச் செய்து கொடுத்தார். கொஞ்ச நாளில் டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"சார், ஒரு ஆன்டி காய்ச்சலோட வந்தாங்க. வாசல்ல ஆந்தையைப் பாத்துட்டு, 'ஐயோ, இது எனக்காகத்தான் உக்காந்திருக்கு'ன்னு சொல்லிட்டு ஓடியே போயிட்டாங்க. காய்ச்சல்காரங்க ஓடி இப்பத்தான் சார் பாக்கறேன்."

சேகர் போய் அதன் காதுகளை எடுத்தார். மூக்கை வளைத்தார். பச்சை வண்ணம் பூசிக் கிளியாக்கினார். இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. கிளியின் முகத்தில் இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாக யோசனை தெரியும், அவ்வளவுதான். வாங்குபவர் என்ன கேட்கிறார் என்பதோடு, அந்தச் சிலையை யார் தினமும் கடந்து போகப் போகிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். கூடவே தவறான ஒரு துணிச்சலும் எனக்கு வந்துவிட்டது. எதையும் எதுவாகவும் மாற்றிக் கொடுத்துவிடலாம், யாருக்கும் தெரியாது.

மணியம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். காப்பாரில் தோட்டத்துப் பாதை மெயின் ரோட்டில் ஏறும் இடத்தில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று இருந்தது. அடியில் ஒரு கல், ஒரு சூலம், மேலே நான்கு தகரத் துண்டுகள். அதுதான் முனீஸ்வரர் கோயில். மணியம் தினமும் அங்கே வண்டியை மெதுவாக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார். ஒருநாள் பிற்பகலில் பேய்மழை. கண்ணாடியில் வழி தெரியாததால் வண்டியை மரத்தடியில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். மரம் வேரோடு சாய்ந்து வண்டியின் தலைமேல் விழுந்தது.

"பக்கத்து சீட்டு அப்பளம் சார்" என்றார் என்னிடம். "என் சீட்டு கிட்ட வந்து நின்னுருச்சி. என் தோள் மேல கை போட்ட மாதிரி. தீயணைப்பு வண்டி வர்ற வரைக்கும் நானும் அதும்தான் உள்ள உக்காந்திருந்தோம். அப்பதான் வேண்டிக்கிட்டேன். விழுந்ததும் இந்த மரந்தான், நின்னதும் இந்த மரந்தான். அதனால அவரு இந்த மரத்துலதான் வரணும்."

"முகம் எப்படி இருக்கணும்?" என்று கேட்டேன்.

"மீசை நல்லா இருக்கணும். பாத்தா பயமும் வரணும், 'சாப்டியா'ன்னு கேக்கற மாதிரியும் இருக்கணும்."

சேகர் தலையைச் சொறிந்தார். "அலாமாக். ரெண்டும் ஒரே மூஞ்சிலயா?"

"எங்கப்பா மூஞ்சி அப்படித்தான் லா இருக்கும்."

அடிமரத்தை அவரே, பழுது பார்த்த தன் வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். காய வைத்தோம். மரத்துண்டுகளுக்கு வாடிக்கையாளர் பெயரின் முதல் எழுத்தை ஆங்கிலத்தில் பெயிண்டால் எழுதிவைப்பது என் ஏற்பாடு. ஒரே எழுத்துத்தான். மணியத்தின் மரத்தில் எம் என்று எழுதினேன். அதே சமயத்தில் சுபாங் ஜெயாவில் ஐஸ்கிரீம் கடை வைத்திருந்த மே என்ற சீனப் பெண்மணி, பிள்ளைகள் ஏறி உட்கார ஒரு கரடி கேட்டிருந்தார். அவருக்காக செமினியில் வீடு கட்ட அழித்த நிலத்திலிருந்து ஒரு மரம் வந்தது. அதுவும் தூங்குமூஞ்சிதான், ஏறக்குறைய அதே பருமன். அதிலும் எம் என்று எழுதினேன்.

இரண்டும் ஒரே எழுத்தாக இருப்பது கண்ணில் படவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். பட்டது. எது யாருடையது என்று எனக்குத்தான் தெரியுமே என்று விட்டுவிட்டேன். பிறகு முற்றத்தில் தண்ணீர் ஏறி, மரங்களையெல்லாம் இடம் மாற்றி அடுக்கினார்கள். நான் அன்று பிரிக்பீல்ட்ஸில் வேறொரு வாடிக்கையாளரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சேகர் போனில் கேட்டார்: "பாஸ், எம் எடுத்துக் கரடி ஆரம்பிச்சிறவா?"

"எடு" என்றேன். வாயில் ரசம் சாதம்.

நான் பட்டறைக்குப் போனபோது கரடிக்குத் தலை வந்திருந்தது, விரித்த கைகள் வந்திருந்தன. சேகர் நெஞ்சுப் பகுதியை வெட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று நெருப்புப் பொறி பறந்தது. ரம்பத்தை நிறுத்தினார். கோயில் மரம் இல்லை, செமினி மரம் என்று நம்பியதால் உள்ளே இரும்பு இருக்கிறதா என்று அவர் தேடிப் பார்க்கவில்லை. உளியால் தோண்டி எதையோ பிடுங்கி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். விரல் நீளத்தில் ஒரு சூலம். யாரோ எப்போதோ மரத்தில் அடித்தது. மரம் அதை விழுங்கி மேலே வளர்ந்திருந்தது.

"பாஸ், செமினி மரத்துல சூலம் எப்படி வரும்?"

வெட்டிக்கொண்டிருந்தது மணியத்தின் மரம்.

பொறுமையாகக் கேளுங்கள். இந்த இடம் வரை நடந்தது தவறு. கவனக்குறைவு. அதற்கு மன்னிப்பு உண்டு. இனிமேல் நடந்ததுதான் குற்றம்.

"பாஸ், வெட்டுன மிச்சம் இருக்கு" என்றார் சேகர். "சின்னதா ஒரு முனி தாராளமா வரும். சின்னதா இருந்தா என்னா? அவரு மரம் லா. போய்ச் சொல்லிருங்க."

"பூஜைக்கு ஊரையே கூப்பிட்டுட்டாரு. பந்தலுக்குச் சொல்லியாச்சு. இப்பப் போய் உன் முனி கரடியாயிட்டாருன்னு எப்படிச் சொல்றது?"

"அப்படியேதான் சொல்லணும்."

கொட்டகையின் மூலையில் ஒரு சிலை நின்றிருந்தது. பிரிக்பீல்ட்ஸில் வாழையிலை உணவகம் திறக்கவிருந்தவர் வாசலில் நிறுத்தக் கேட்ட காவலாளி. அதுவும் தூங்குமூஞ்சி மரந்தான். ஆள் உயரம், முறுக்கு மீசை, தலைப்பாகை, பொத்தான் வைத்த கோட்டு. ஒரு கை "உள்ளே வாங்க" என்று நீண்டிருக்கும். அலங்காரம் செய்பவர் வேறு யோசனை சொன்னார் என்று உணவகக்காரர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. நான் அந்தக் காவலாளியைப் பார்த்தேன். நான் பார்ப்பதை சேகர் பார்த்தார்.

"வேணாம் பாஸ். சாமி விசயம்."

"மரம்னா மரந்தான் சேகர்" என்றேன்.

உங்களில் யாராவது எப்போதாவது இந்த வாக்கியத்தைச் சொல்லப்போகிறீர்கள் என்றால், முதலில் நாக்கைக் கடித்துக்கொள்ளுங்கள். வனவியல் படித்தவனுக்கு அது வசதியான வாக்கியம். இரண்டும் ஒரே இனம், ஒரே அடர்த்தி, ஒரே நிறம். ஆனால் அதில் ஒன்றுதான் ஒரு மனிதன் தோளருகில் வந்து நின்றது. நான் பயந்தது முனிக்கு இல்லை. மணியத்துக்கும் இல்லை. "இவ்வளவு படிச்ச ஆளு, இதைக்கூடப் பாக்கலியா?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். அந்தக் கேள்விக்குப் பயந்து ஒரு மனிதரின் வேண்டுதலை விற்றேன்.

சேகர் என் பேச்சைத் தட்டவில்லை. தட்டியிருக்கலாம் என்று அவர் இப்போதும் சொல்வார். தலைப்பாகை கொண்டையாயிற்று. கண்கள் பெரிதாயின. முதுகுக்குப் பின்னால் இருந்த கையை எடுத்துவிட்டு அரிவாள் பிடித்த கை பொருத்தினார். கோட்டு மட்டும் போகவில்லை. பொத்தான்களைச் செதுக்கி எடுக்கப்போனால் நெஞ்சு ஒல்லியாகிவிடும் என்றார். சந்தனம் பூசினால் தெரியாது என்றேன். மணியத்தின் மரத்தில் வெட்டிய மிச்சமெல்லாம் மற்ற துண்டுகளோடு கலந்து போயிற்று.

பொத்தான்கள் தெரிந்தன. பிரதிஷ்டை அன்று சந்தனம் காய்ந்து உதிர்ந்தபோது, முன்வரிசையில் நின்ற ஓர் அக்கா சத்தமாகவே கேட்டார்: "என்னா மணியம், சாமி பட்டன் போட்டுருக்காரு?"

மணியம் அசரவில்லை. "காலத்துக்கு ஏத்த மாதிரி வந்திருக்காரு அக்கா. காப்பார் வெயில்ல சட்டை இல்லாம நிப்பாரா?"

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு கும்பிட்டார்கள். நீண்டிருந்த கை அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. எங்கள் முனி ஒருவர்தான் "வா" என்று கூப்பிடுகிறார் என்று பெருமையாகச் சொன்னார்கள். மணியம் மைக்கைப் பிடித்து, "இந்த மரத்தைத் தெய்வமா மாத்திக் குடுத்த சாருக்கு" என்று ஆரம்பித்தார். அப்போதுதான் என் கையைப் பிடித்து அழுதார்.

அதன்பிறகு வருடந்தோறும் நானே போய் முனிக்கு எண்ணெய் பூசினேன். மற்ற சிலைகளுக்கு ஆள் அனுப்புவேன், அதற்கு மட்டும் நான். காயத்துக்கு மருந்து போடுவதாக என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். வருடந்தோறும் அதே மைக்கில் மணியம் என்னைப் புகழ்வார். "படிச்ச மனுசன், பெரிய மனுசன், மண்டி போட்டு ஆயில் போடறாரு பாருங்க!" வாழையிலையில் முதல் சோறு எனக்குத்தான் விழும். அந்தச் சாம்பார் எவ்வளவு ருசியாக இருக்கும் என்பதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. ருசிக்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பால், மஞ்சள் தண்ணீரெல்லாம் மரத்தில் ஊற்ற வேண்டாம், முன்னால் இருக்கும் கல்லுக்குச் செய்யுங்கள் என்று சொல்லியிருந்தேன். அவர்கள் ஒருநாளும் மீறவில்லை. மீறியது நான்தான். மரத்தின் கால் தண்ணீரில் நிற்கக் கூடாது, தரைக்கும் அதற்கும் இடையில் காற்றுப் போக இடம் வேண்டும் என்று வாங்குபவர் எல்லாரிடமும் ஓதுபவன் நான். முனியை மட்டும் அவசரத்தில் நேராக சிமெண்டில் நிறுத்திவிட்டேன். அன்றைக்கு எப்படியாவது அவர் நின்றுவிட்டால் போதும் என்று இருந்தது. பொய்யை மறைக்கும் அவசரத்தில் செய்கிற வேலையில் இன்னொரு குறை ஒளிந்திருக்கும். நான் பார்த்தவரை இது தவறுவதே இல்லை.

ஒருநாள் மணியம் கூப்பிட்டார். குரல் சரியாக இல்லை. "சார், கால் போகுது."

"யாருக்கு?"

"அவருக்கு."

போய்ப் பார்த்தேன். வலது பாதத்தில் விரலை வைத்தால் கேக்கில் இறங்குவதுபோல் இறங்கியது. பூஞ்சணம், ஈரம், சிமெண்டு என்று விளக்கினேன். சரிசெய்துவிடலாம் என்றேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "லோரி ஓட்றவனுக்குக் கால்தானே சார் எல்லாம். பிரேக்கு" என்றார்.

நான் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தேன். கொஞ்ச நாள் கழித்து அவர் மனைவி லெட்சுமி பட்டறைக்கே வந்தார். வெயிலில் நடந்து வந்திருந்தார்.

"சார், அவரு லோரியை நிறுத்திட்டாரு. மோட்டர் சைக்கிளைக்கூடத் தொட மாட்டேங்கறாரு. வேண்டுதல்ல ஏதோ குறை வெச்சிட்டேன், அதான் சாமி காலைக் காட்டிருச்சி, அடுத்து என் காலுதான், ரோட்டுல யாராவது பிள்ளை மேல ஏத்திருவேன்னு பொலம்பறாரு. பாதி நாள் சோறு இல்ல. குறி கேக்கப் போறாரு, விரதம் இருக்காரு. நீங்க படிச்சவரு, உங்க பேச்சைக் கேப்பாரு. ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

எனக்குப் பக்கத்தில் சேகர் ரம்பத்துக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு மனிதர் செய்யாத தவறுக்காகத் தன்னையே தண்டித்துக்கொண்டிருந்தார். அந்தத் தவறு என் மேசை இழுப்பறையில், விரல் நீளத்தில், துணியில் சுற்றிக் கிடந்தது. அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, லெட்சுமியைக் காரில் ஏற்றிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

மணியம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. முற்றத்தில் லோரி தார்ப்பாய் போர்த்தி நின்றது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கேட்டார்: "என்ன குறை வெச்சேன் சார்?"

"குறை உங்களுது இல்ல மணியம். என்னுது." சூலத்தை அவர் கையில் வைத்தேன். எம் என்ற எழுத்திலிருந்து பொத்தான்வரை எல்லாவற்றையும் சொன்னேன். பூஜை அவசரம், பட்டறைப் பெயர் என்று காரணங்களும் வரிசையாக வந்து நின்றன. ஒன்றையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் மன்னிக்க வேண்டியவராகியிருப்பார்.

முதலில் பேசியது லெட்சுமிதான். "அப்ப குறை உங்களுதா சார்? இவருது இல்லியா?"

"இவருது இல்லம்மா."

அவர் கணவர் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? உங்களுது இல்லியாம். எந்திரிச்சிப் போய்க் குளிங்க."

மணியம் நகரவில்லை. சூலத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: "என் மரம் எங்க?"

"சுபாங் ஜெயாவுல."

"என்னாவா இருக்கு?"

"கரடியா."

"கரடியா?"

"ஐஸ்கிரீம் கடையில."

லெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் அழுதாரா சிரித்தாரா என்று எனக்கு இன்றும் தெரியாது.

மறுநாள் அவரைக் காரில் அழைத்துப் போனேன். முன்சீட்டில் என் பக்கத்தில் உட்காராமல் பின்சீட்டில் உட்கார்ந்தார். தாடியை மட்டும் எடுத்திருந்தார்.

கடை வாசலில் கரடி இருந்தது, அடிமரத்தின்மேலேயே உட்கார்ந்திருப்பதுபோல் செதுக்கியது. விரித்த கைகள். பிள்ளைகள் ஏறி ஏறி மடி கண்ணாடியாகப் பளபளத்தது. சூலம் இருந்த இடத்தில் இரும்புக்கறை கருநீலமாக நெஞ்சில் படர்ந்திருந்தது. கரடி புளூபெரி ஐஸ்கிரீமைச் சிந்திக்கொண்டது என்று மே பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருந்தார்.

மணியம் அந்தக் கறைமேல் உள்ளங்கையை வைத்தார். கண்களை மூடிக்கொண்டு நின்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சுருட்டை எடுத்து, முனிக்கு வைப்பதுபோல், கரடியின் கையில் வைத்துக் கும்பிட்டார்.

மடியில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி அதிர்ந்துபோனாள். "அங்கிள்! பெருவாங் தா போலே மெரோக்கோ!"

கரடி சிகரெட் பிடிக்கக் கூடாதாம். மணியம் அவளைப் பார்த்தார். "ஓ, சோரி, சோரி லா" என்று சுருட்டை எடுத்துக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. நான் பயந்துபோய்க் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். அடக்க முடியாமல், கண்ணில் நீர் வழிய, கரடியின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நான் மேயிடம் எல்லாவற்றையும் மலாயில் சொன்னேன். இந்தக் கரடியைக் கொடுத்துவிடுங்கள், என் செலவில் இன்னொன்று செய்து தருகிறேன் என்றேன். மே வருத்தத்தோடு, முடியாது என்று தலையசைத்தார். இந்த மடியில் உட்கார்ந்து பிறந்தநாள் படம் எடுத்த பிள்ளைகள் இப்போது தம்பி தங்கைகளைக் கூட்டிவருகிறார்கள், அவர்களுக்கு இந்த முகம்தான் தெரியும் என்றார். நான் மறுபடியும் கெஞ்ச வாயெடுத்தேன்.

"விடுங்க சார்" என்றார் மணியம். "பிள்ளைங்க உக்காந்திருக்கற மடியைப் பிடுங்கற சாமி எங்க சாமி இல்ல."

"அப்ப வேண்டுதல்?"

"அதான் எனக்கும் தெரியல."

வழி கண்டுபிடித்தது சேகர். கரடிக்குக் கீழே இருக்கும் அடிமரம் தேவைக்குமேல் தடிமனானது. அடியில் ஒரு பாளம் எடுத்தாலும் கரடிக்கு ஒன்றும் ஆகாது, கொஞ்சம் தாழ்ந்து உட்காரும், அவ்வளவுதான் என்றார். மே உடனே சம்மதித்தார். இன்னும் சின்னப் பிள்ளைகளும் ஏறலாமே என்று அவருக்குச் சந்தோஷம்.

மணியம் சம்மதிக்குமுன் முனியிடம் பூக்கட்டிக் கேட்டார். சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் தனித்தனியாக மடித்துப் போட்டு, கோயிலுக்கு வந்த ஒரு குழந்தையை எடுக்கச் சொன்னார். காவலாளியாகச் செய்த இந்தச் சிலையே இருக்கட்டுமா, வேறு வைக்கட்டுமா என்று கேள்வி. இருக்கட்டும் என்று வந்தது. "சரி. வந்துட்டாரு, இருக்கட்டும். நிக்கறது மட்டும் என் மரத்துல நிக்கட்டும்" என்றார்.

கடை திறக்குமுன் ஒரு காலையில் கரடிக்கு அடியில் பாளம் எடுத்தோம். முனியைத் தூக்கி, அழுகின பாதங்களை வெட்டி, அந்தப் பாளத்தில் செதுக்கின பாதங்களைப் பொருத்தினோம். இந்தத் தடவை கல்லின்மேல், அடியில் காற்றுப் போக இடம்விட்டு நிறுத்தினோம். மணியமும் கூட நின்று தூக்கினார். என்னிடம் பேச வேண்டியதையெல்லாம் சேகர் வழியாகவே பேசினார்.

வேலை முடிந்ததும் முதல்முறையாக நேராக என்னிடம் வந்தார். "சார், இத்தன வருசம் மைக்ல உங்களப் பத்திப் பேசினேன். பூஜை அன்னிக்கு அதே மைக்ல நீங்க பேசுங்க. நான் சொன்னா குத்தம் சொல்ற மாதிரி இருக்கும். நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். என் வாழ்நாளில் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன், ஆங்கிலத்தில்கூட. அந்த ஐந்தாறு வாக்கியங்களுக்கு வாய் உலர்ந்ததுபோல் எதற்கும் உலர்ந்ததில்லை. முடித்ததும் முன்வரிசையிலிருந்து அந்த அக்கா, "ஓ, அதான் பட்டனா!" என்றார். பந்தல் முழுக்கச் சிரிப்பு. சிரிக்காதவர்களும் இருந்தார்கள். ஒருவர், "தெய்வத்தோட விளையாடிருக்கீங்க, வெக்கமா இல்லையா?" என்று எழுந்து கத்தினார். இருக்கிறது என்றேன். ஒரு குடும்பம் சாப்பிடாமலே போயிற்று. நான் வரிசையின் கடைசியில் நின்று இலை வாங்கினேன்.

அடுத்த திங்கட்கிழமை மணியம் தார்ப்பாயை உருவிவிட்டு வண்டியை எடுத்தார். லெட்சுமி சேகருக்குப் போன் செய்து சொன்னார். எனக்கு இல்லை. முனிக்கு எண்ணெய் பூசும் காலம் வந்தபோதும் சேகரை மட்டும் வரச் சொன்னார்கள். அதன்பிறகு நான் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்று பிரிக்பீல்ட்ஸில் மகளோடு இருக்கிறேன். காப்பார் பக்கம் அதிகம் வருவதில்லை.

போன மாதம் உங்களைப் பார்க்க வந்தபோது, சாலையோரக் கடையில் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தேன். குலை நிறைந்த லோரி ஒன்று வந்து நின்றது. மணியம் இறங்கினார். என்னைப் பார்த்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். வந்து எதிரே உட்கார்ந்தார். காலெல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவருடையதா முனியுடையதா என்று அவர் கேட்கவில்லை. "ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு" என்றார்.

அவருக்கும் தேத்தண்ணி வந்தது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "சாமி மன்னிச்சிருச்சி சார்" என்றார். "பூ கேட்டேன், சொல்லிருச்சி. நான்தான் இன்னும் இல்ல. கொஞ்சம் டைம் குடுங்க லா."

கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.